ரப்பர் பாலும் சல்லாத் துணியும்: எவா ஹெஸ்ஸேயின் ‘கன்டின்ஜென்ட்’ – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் உள்ள தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் எட்டுத் துணிப்பட்டைகள் இருக்கின்றன. நிறுவும்போது அவை வரிசையாக, சுவருக்குக் குறுக்கே, மேலிருந்து தொங்கும். ஒவ்வொரு பட்டையின் நடுப்பகுதியும் ரப்பர் பால் பூசிய சல்லாத் துணி. மேல்முனையும் கீழ்முனையும் பைபர், அதாவது கண்ணாடி இழையைப் பாலியெஸ்டர் ரெசினில் தோய்த்து இறுகவைத்தது. முன்னால் நின்று பார்த்தால் எதிரே வருவது துணியின் முகமல்ல, விளிம்புதான். கொடியில் காயும் புடவைகளைக் கொடியின் ஒரு கோடியில் நின்று பார்ப்பதைப் போல. பக்கவாட்டில் நகர்ந்தால்தான் துணி முகம் காட்டும், வெளிச்சம் அதனூடே கசியும்.

இந்தச் சிற்பத்தின் பெயர் ‘கன்டின்ஜென்ட்’. அமெரிக்கச் சிற்பி எவா ஹெஸ்ஸே 1969இல் முடித்தது. அடுத்த ஆண்டு மே 29ஆம் தேதி மூளைக் கட்டியால் இறந்தபோது அவருக்கு வயது 34.

துணியில் சிற்பம் செய்பவர்கள் கூடும் இடத்தில் ஹெஸ்ஸே பேச்சு வந்தால் இரண்டு கதைகளில் ஒன்று கட்டாயம் வரும். ஒன்று, அற்பாயுளில் போன பெண்ணின் சோகம். இன்னொன்று, அழிந்துபோகும் பொருள் என்று தெரிந்தே எடுத்த துணிச்சல்காரியின் வீரம். இரண்டுமே பட்டறைக்குள் நுழைவதில்லை. துணி என்ன செய்தது, ரப்பர் என்ன செய்தது, எது எதைத் தாங்கியது என்று யாரும் கேட்பதில்லை. என் பார்வையில் இந்தச் சோதனையின் மையம் ரப்பர் அல்ல, அதற்குள் மறைந்திருக்கும் அந்த மலிவான பருத்தித் துணிதான்.

நெசவாலையில் கிடைத்தது

ஹெஸ்ஸே 1936இல் ஹாம்பர்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பிக்க 1938 இறுதியில் அக்காவோடு குழந்தைகள் ரயிலில் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். பிறகு பெற்றோருடன் சேர்ந்து 1939இல் நியூயார்க் வந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பர்ஸிடம் வண்ணம் படித்து 1959இல் பட்டம் பெற்றார். அதுவரை, ஏன், அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் அவர் ஓவியர்தான்.

திருப்பம் ஜெர்மனியில் நடந்தது. 1964இல் ஒரு ஜவுளித் தொழிலதிபர், ஹெஸ்ஸேயின் கணவரான சிற்பி டாம் டாயிலை ரூர் நதிக்கரையில் உள்ள கெட்விக் ஊருக்கு அழைத்தார். ஹெஸ்ஸேயும் கூடவே போனார். வேலை செய்யக் கொடுத்த இடம் ஓட்டம் நின்றுபோன ஒரு நெசவாலை. உடைந்த இயந்திர பாகங்கள், கம்பி வலை, மிஞ்சிய நூற்கயிறு எல்லாம் அங்கங்கே கிடந்தன. கம்பி வலையின் கண்களில் கயிற்றைக் கோத்துப் பிளாஸ்டரில் பதித்துப் பார்த்தார். அப்புறம் பலகைமேல் கயிற்றைச் சுற்றிச் சுற்றி ஒட்டி வண்ணம் தீட்டிய புடைப்புச் சிற்பங்கள் வந்தன. 1965 ஆகஸ்டில் டூசல்டார்ஃபில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்.

அழைப்பு கணவருக்கு வந்தது. அங்கே பொருளைக் கண்டெடுத்தது மனைவி. ஓவியத்தின் கோடு கையில் பிடிக்கக்கூடிய கயிறாக மாறியது இங்கேதான்.

நியூயார்க் திரும்பியதும் 1966இல் செய்த ‘ஹேங் அப்’ அந்த வழியில் அடுத்த அடி. மரச்சட்டம் முழுக்கத் துணி சுற்றி, சாம்பல் நிறச் சாயலைப் படிப்படியாக ஏற்றித் தீட்டியிருக்கிறார். படம் இருக்க வேண்டிய இடம் காலி. சட்டத்தின் மேல்முனையிலிருந்து கயிறு சுற்றிய இரும்புக் கம்பி ஒன்று பார்ப்பவரின் காலடிவரை வளைந்து வந்து, திரும்பிக் கீழ்முனையில் சேர்கிறது. இப்போது சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. அதே ஆண்டு விமர்சகர் லூசி லிப்பார்ட் ஃபிஷ்பாக் கேலரியில் ஒருங்கிணைத்த ‘எக்ஸென்ட்ரிக் ஆப்ஸ்ட்ராக்‌ஷன்’ காட்சியில் ஹெஸ்ஸேயும் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவும் இடம்பெற்றார்கள். பூர்ஷ்வாவிடம் பிறகு வருவோம்.

ரப்பர் பால்

1967இல்தான் ரப்பர் பால் அவர் கைக்கு வருகிறது. அவர் குடியிருந்த பவரி தெருவுக்குப் பக்கத்திலேயே கெனால் தெரு. ரப்பர், பிளாஸ்டிக், தொழிற்சாலைக் கழிவு எனச் சகலமும் விற்கும் கடைகள்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பொருளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மரத்தில் வடிவது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துகள்கள். ஆசிட் ஊற்றினால் உறைந்து ஷீட் ஆகும். அமோனியா சேர்த்தால் உறையாமல் பாலாகவே இருக்கும். சந்தைக்கு வரும் செறிவூட்டிய பாலில் சுமார் 60 சதவீதம் ரப்பர். தூரிகையால் பூசி விட்டுவிட்டால் தண்ணீர் ஆவியாகும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும். பூசும்போது வெள்ளை; காயக் காயத் தேன்நிறக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். தடிமனாக ஒரே பூச்சில் முடித்துவிடலாம் என்று நினைத்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நின்றுவிடும். மெல்லியதாகப் பூசி, காயவைத்து, மறுபடி பூச வேண்டும்.

காய்ந்த ரப்பர்ப் படலத்துக்கு உடம்பு உண்டு, எலும்பு கிடையாது. தூக்கிப் பிடித்தால் தன் கனத்தாலேயே நீளும். ஓரத்தில் சின்னக் கிழிசல் விழுந்தால் ஓடிவிடும். தன்மேல் தானே மடிந்தால் ஒட்டிக்கொள்ளும். மூன்று மீட்டர் நீளத்துக்கு அதை வெறுமனே தொங்கவிட முடியாது. அங்கேதான் சல்லாத் துணி வருகிறது. பாலாடைக்கட்டி வடிகட்டவும், மருத்துவமனையில் காயத்துக்கு வைக்கவும் பயன்படும் வகை. இழைக்கும் இழைக்கும் நடுவே நல்ல இடைவெளி. பால் அந்த இடைவெளியில் புகுந்து மறுபக்கம் போய் இழையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பாலித்தீன் விரிப்பின்மேல் துணியை விரித்துப் பூசினால், காய்ந்ததும் முழுத் துண்டாக உரித்தெடுக்கலாம். ரப்பர் பாலித்தீனில் ஒட்டாது.

காயும்போது ரப்பர் கொஞ்சம் சுருங்கும். துணியையும் சேர்த்து இழுக்கும். ஓரங்கள் நெளியும், நடுவில் கொசுவம்போல் சுருக்கங்கள் விழும். இந்தச் சுருக்கத்தை யாரும் வரைந்து திட்டமிட முடியாது. எத்தனை பூச்சு, எவ்வளவு கனம், எந்தப் பக்கம் முதலில் காய்ந்தது என்பதைப் பொறுத்து வரும். ஹெஸ்ஸேயின் திறமை எங்கே தெரிகிறது என்றால், அந்தச் சுருக்கத்தைத் தட்டிச் சரிசெய்யாமல், ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு மாறுபட விட்டதில். எட்டும் ஒரே வேலைமுறையில் வந்தவை. நீளமும் நெளிவும் மட்டும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

வழியில் அவர் செய்த மற்றவற்றையும் பார்த்தால் படிப்படியான தேடல் தெரியும். ‘ஸ்கீமா’வில் வெறும் ரப்பர்ப் பாய், அதன்மேல் வரிசைக்கு 12 வீதம் 144 அரைக்கோளங்கள். 1968இன் ‘ஆட்’டில் இரட்டைத் தாள்களாக ரப்பர் பூசிய கான்வாஸ், உள்ளே பாலித்தீன் திணிப்பு, சுவரில் நான்கு துண்டுகள். அந்த டிசம்பரில் சிற்பி ராபர்ட் மோரிஸ் காஸ்டெல்லி கேலரியின் கிடங்கில் ஒருங்கிணைத்த காட்சியில் அதை வைத்தார். கான்வாஸ் கனமான துணி. ரப்பரை மேலே மட்டும் ஏற்றுக்கொள்ளும், ஒளியை விடாது. சல்லாத் துணிக்கு வந்ததும்தான் இரண்டு பொருளும் ஒன்றுக்குள் ஒன்று போயின.

பைபர்

துணியை எங்காவது பிடித்து நிறுத்த வேண்டுமே. ஆணி அடித்தாலும் கயிற்றில் கட்டினாலும் அது தொங்கும் துணிதான். ஹெஸ்ஸே துணியின் இரு முனைகளையும் பைபருக்குள் புதைத்துவிட்டார். மென்மையான நடுப்பகுதி எந்த இடத்தில் முடிந்து கெட்டியான முனை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. இந்தத் தீர்வு எனக்கு இன்றைக்கும் வியப்பு. முனைகளின் கனம் துணியை இழுத்து நிறுத்துகிறது. துணியின் தளர்ச்சி முனைகளைத் தகடாகத் தெரியவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

பைபர் வேலை தனியாளாகச் செய்யக்கூடியதல்ல. ஸ்டேட்டன் தீவில் இருந்த ஏஜிஸ் என்ற பிளாஸ்டிக் நிறுவனத்தை நாடினார். அங்கே டக் ஜான்ஸ் அறிமுகமாகி, பிறகு நெருங்கிய உதவியாளரானார். ரெசினில் வினையூக்கி கலந்தால் இறுகுவதற்கு முன் கொஞ்ச நேரம்தான் கையில் இருக்கும். அதற்குள் கண்ணாடி இழையைப் பரப்பி, ரெசினை ஊறவிட்டு, காற்றுக் குமிழியை அழுத்தி வெளியேற்ற வேண்டும். ஸ்டைரீன் நெடி தலையைப் பிளக்கும். முகமூடியும் காற்றோட்டமும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. இந்த ரசாயனங்கள்தான் ஹெஸ்ஸேயின் கட்டிக்குக் காரணம் என்று பலரும் எழுதிவிட்டார்கள்; அது நிரூபிக்கப்பட்டதில்லை. நிரூபிக்கப்படாவிட்டாலும் முகமூடி முகமூடிதான்.

1969

‘கன்டின்ஜென்ட்’ வேலையை 1968 நவம்பர்–டிசம்பர் வாக்கில் தொடங்கியதாகவும், 1969 ஏப்ரல் 6 அன்று நினைவிழந்து விழுந்ததாகவும், அதற்குள் ஒரு பட்டை முடிந்திருந்ததாகவும் ஹெஸ்ஸே அந்த ஆண்டு ஃபின்ச் கல்லூரிக் காட்சியின் மலருக்கு எழுதிய குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார். நோயைப் பற்றி ஓரிரு துண்டு வாக்கியம். மற்றதில் பொருளைப் பற்றியும் எழுதியிருக்கிறார்: ரப்பர் பூசிய, தளர்வான, திறந்த இழைத் துணி. அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு உதவியாளர்களின் கைகளோடு மற்றப் பட்டைகளை முடித்தார். மாதிரிக்காகச் செய்து பார்த்த தனிப் பட்டை ஒன்று இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

உதவியாளர்கள் செய்தார்கள் என்பது இந்த ஆய்வுக்கு முக்கியமான தகவல். சுருக்கம் எப்படி விழ வேண்டும் என்பதைத் தன் கையால் மட்டுமல்ல, பிறர் கையாலும் விழவைக்க அவரால் முடிந்திருக்கிறது. இது பின்னால் ஒரு விவாதமாகவே மாறும்.

அதே வசந்தத்தில் நியூயார்க்கில் இரண்டு அருங்காட்சியகங்களில் துணி தொங்கியது. நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ‘வால் ஹேங்கிங்ஸ்’: மக்தலேனா அபகனோவிச், ஷீலா ஹிக்ஸ், லெனோர் டானி போன்ற நெசவுக் கலைஞர்கள். மே மாதம் விட்னியில் ‘ஆன்டி–இல்யூஷன்’: ரிச்சர்ட் செர்ரா, புரூஸ் நௌமன் கூட்டத்தோடு ஹெஸ்ஸேயின் ‘எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்’. நெய்தவர்கள் கைவினைப் பக்கம். நெய்த துணியைக் கடையில் வாங்கிப் பூசியவர் சிற்பப் பக்கம். அபகனோவிச்சின் சைசல் நார் உருவங்கள் எந்தச் சிற்பத்துக்கும் சளைத்தவையல்ல, ஆனாலும் கோடு கிழிக்கப்பட்டுவிட்டது. முதல் காட்சிக்கு விமர்சனம் எழுதிய லூயிஸ் பூர்ஷ்வாவே அவற்றை அலங்காரத்துக்குப் பக்கத்தில்தான் வைத்தார். அதே பூர்ஷ்வா முதுமையில் தன் பழைய உடைகளையும் வீட்டுத் துணிகளையும் தைத்துத் தைத்துச் சிற்பம் செய்தார். காலம் இப்படியெல்லாம் பழிவாங்கும். இன்னொன்றும் சொல்லிவிடலாம்: 1962இல் சிற்பி கிளேஸ் ஓல்டன்பர்கைப் புகழுக்குக் கொண்டுபோன ராட்சத பர்கர், கேக், ஐஸ்கிரீம் கோன் போன்ற துணிச் சிற்பங்களைத் தைத்தவர் அவர் மனைவி பாட்டி முச்சா (Patty Mucha).

பிறகு என்ன ஆனது

இயற்கை ரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. ஆக்சிஜனும் ஓசோனும் புற ஊதாக் கதிரும் அங்கேதான் கடிக்கும். முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு. சில ரப்பர் பிசுபிசுத்து இளகும், சில காய்ந்து ஓடாகும். ஓசோன் வெடிப்பு இழுவிசை உள்ள இடங்களைத் தேடிப் போகும். ஆகவே மடிப்பும் வளைவும்தான் முதலில் போகும். சிற்பத்தில் அழகே அங்கேதான் இருக்கிறது என்பது வேறு விஷயம். செம்பும் மாங்கனீசும் பட்டால் இன்னும் வேகம்.

ஹெஸ்ஸேக்கு இது தெரியும். 1970இல் கலை விமர்சகர் சிண்டி நெம்சருக்குக் கொடுத்த பேட்டியில் ரப்பர் நீடிக்காது என்பதை ஒப்புக்கொள்கிறார். வாழ்க்கையும் நிலைப்பதில்லை, கலையும் நிலைப்பதில்லை என்கிறார். அதை மட்டும் பிய்த்தெடுத்து எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே பேட்டியில், நிலைப்பது பற்றித் தன் நிலைப்பாடு என்னவென்று தனக்கே உறுதியில்லை என்றும், வாங்குபவர்களை நினைத்தால் உறுத்துகிறது என்றும் சொல்வதை விட்டுவிடுவார்கள்.

‘சான்ஸ் III’ (Sans III) என்ற 1969ஆம் ஆண்டு வேலை கிட்டத்தட்டப் போய்விட்டது. சுவரிலிருந்து தரைக்கு இறங்கும் சின்னச் சின்ன ரப்பர்ப் பெட்டிகளின் வரிசை அது. துணியின் துணை இல்லை. சுருங்கி, உடைந்து, காட்சிக்கு வைக்க முடியாத நிலை. ‘கன்டின்ஜென்ட்’டும் ‘எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷ’னும் நிறம் மாறி விறைத்தாலும் இன்னும் உருவத்தோடு இருக்கின்றன. பூச்சின் தடிமன், இருந்த இடம், பட்ட வெளிச்சம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு, முழுக் காரணமும் துணிதான் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் ரப்பர் வெடித்த பிறகும் துண்டுகள் கீழே விழாமல் பிடித்திருப்பது எது? இழைதான்.

பைபரும் தப்பவில்லை, மஞ்சளடித்தது. அதற்கு ‘சான்ஸ் II’ நல்ல சாட்சி. ஒரே வரிசையாகச் செய்த ஐந்து பைபர்த் துண்டுகள் பிரிந்து வெவ்வேறு உரிமையாளர்களிடம் போயின. ஒவ்வொன்றும் பட்ட வெளிச்சத்துக்குத் தக்கபடி நிறம் மாறியது. மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒரு சோதனைக்கூடப் பதிவைப் போலவே வேறுபாடு தெரிந்தது. யாரும் திட்டமிடாத ஒரு சோதனை, நல்ல தரவு.

‘எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்’ குகன்ஹைம் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. பைபர்த் தூண்களுக்கு நடுவே ரப்பர் பூசிய சல்லாத் துணி, மொத்தம் 13 பட்டைகள், மூன்று பகுதிகள். திரைச்சீலையை ஒதுக்குவதும் இழுப்பதுமாக, இடத்துக்கு ஏற்ப அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதே அதன் கருத்து. துணி விறைத்ததும் அந்தக் கருத்து செயலற்றுப்போனது. நெடுங்காலம் பெட்டியில் கிடந்தது. பல ஆண்டு ஆராய்ச்சிக்கும் பராமரிப்புக்கும் பிறகு 2022இல், சுமார் 35 ஆண்டு இடைவெளியில், மறுபடி மக்கள் முன் நின்றது. பழைய புகைப்படத்தில் வெளிறிய பால்நிறம். இப்போது கருத்த தேன்நிறம். புதிதாகச் செய்து மாற்றிவைக்கவில்லை, இருப்பதையே திடப்படுத்தி நிறுத்தினார்கள்.

திரும்பச் செய்யலாமா?

சான்பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் 2002 பின்னோக்குக் காட்சிக்குத் தயாரானபோது இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. பராமரிப்பாளர்கள், காட்சி அமைப்பாளர்கள், ஹெஸ்ஸேயோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். ஹெஸ்ஸேயின் நெருங்கிய நண்பரும் கலைஞருமான சோல் லெவிட், ஹெஸ்ஸே தன் வேலை நிலைக்கவே விரும்பினார், கண்முன் சிதைவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் ஆளல்ல என்ற கருத்துடையவராக இருந்தார்.

லெவிட் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உதவியாளர்கள் உயிரோடு இருந்தார்கள், பொருள் கடையில் கிடைக்கிறது, வேலைமுறை தெரியும். தன் வாழ்நாளிலேயே பிறர் கையை நம்பியவர்தானே ஹெஸ்ஸே? ஆனால் லெவிட்டின் சுவரோவியங்கள் எழுத்துக் குறிப்பாக இருப்பவை. யார் வேண்டுமானாலும் குறிப்பைப் படித்து வரையலாம், அழித்துவிட்டு வேறொரு சுவரில் மறுபடி வரையலாம். ஹெஸ்ஸேயின் பட்டறையில் குறிப்பு கிடையாது, ஆள் இருந்தார். பூசும்போது பக்கத்தில் நின்று, போதும், இன்னும் கொஞ்சம், இங்கே விடு என்று சொன்ன ஆள். உதவியாளரின் கையும் ஹெஸ்ஸேயின் கண்ணும் சேர்ந்தது அந்தச் சுருக்கம். கை கிடைக்கும், கண்ணுக்கு எங்கே போவது? ஆகவே மறுபடி செய்து அசலின் இடத்தில் நிறுத்துவது தவறு என்றே நினைக்கிறேன். அதே பொருளில், அதே முறையில் ஒரு மாதிரிப் பட்டை செய்து, மாதிரி என்று எழுதிப் பக்கத்தில் தொங்கவிட்டால் மட்டும் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1969இல் ஒளி எப்படிக் கசிந்தது என்று தெரிய வேறு வழியில்லை.

இதே பாதையில் வேலை செய்பவர்களுக்கு

ரப்பர் பாலும் சல்லாத் துணியும் இன்றும் மலிவு, இன்றும் ஆசை காட்டும். சிதைவைத் தடுக்கும் சேர்மானம் கலந்த, முன்பே பதப்படுத்திய ரப்பர் பால் இப்போது கிடைக்கிறது. சாதாரணப் பாலைவிடக் கூடுதல் காலம் தாங்கும். பித்தளைக் கண்ணியும் செம்புக் கம்பியும் வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். வண்ணம் சேர்த்தால் அதில் செம்போ மாங்கனீசோ இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டாமல் இருக்க டால்கம் பவுடர் தூவலாம், பளபளப்பு குறையும். மடித்து வைக்கக் கூடாது. பெரிய குழாயில் தளர்வாகச் சுருட்டி இருட்டில் வைக்க வேண்டும். ஒவ்வொரு கலவைக்கும் கையகல மாதிரி ஒன்று செய்து, தேதியும் பூச்சு எண்ணிக்கையும் எழுதி, பாதியைச் சன்னலோரத்திலும் பாதியைப் பீரோவிலும் வையுங்கள். ஹெஸ்ஸே இத்தகைய சின்ன மாதிரிகளை ஏராளமாகச் செய்திருக்கிறார்; பெர்க்லி அருங்காட்சியகத்தில் பல இருக்கின்றன, 2009இல் எடின்பரோவில் அவற்றுக்கென்றே தனிக் காட்சி நடந்தது. அவற்றில் எது சோதனை, எது முடிந்த சிற்பம் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாங்க வருபவரிடம் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நிறம் மாறினால் என்ன செய்யலாம், கிழிந்தால் யார் தைக்கலாம், மறுபடி செய்ய அனுமதி உண்டா இல்லையா என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.